பதினைந்தாம் தேதிக்கு மேல்

ஜூன் 1

இன்று வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. காலையில் வருகிறேன் என்று சொன்ன ராயப்பன், நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து வந்தான். துறையூரில் எங்கள் தெருவுக்கு டிவி கேபிள், இன்டர்நெட் இரண்டும் அவன்தான். ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, ஹால் அலமாரியின் மேல்தட்டில் மோடத்தை வைத்தான். அதற்கு மேலே சுவரில் கேமராவை மாட்டினான். கேமரா சிங்கப்பூரிலிருந்து மகள் கல்யாணி வாங்கி அனுப்பியது. அதில் அவள் எங்களைப் பார்க்கலாமாம், பேசவும் செய்யலாமாம்.

"சார், அன்லிமிடெட் போட்டுக்குங்க. நீங்க கேக்குற பிளான்ல மாசத்துக்கு நூத்தம்பது ஜிபிதான். அது தீந்துச்சுன்னா நெட் இருக்கும், ஆனா நடக்காது" என்றான் ராயப்பன்.

"நடக்காதுன்னா?"

"தவழும்."

வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் பட்டன் போன்காரன். செண்பகத்துக்கு மறதி நோய் வந்து, போன் என்றால் என்ன என்பதே போய்விட்டது. காதில் வைத்தால் பிடுங்கி எறிகிறாள். மருமகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி ஒன்று இருக்கிறது, அதில் எப்போதாவது பாட்டுக் கேட்போம். இதற்கு எதற்கு அன்லிமிடெட்? தவழ்ந்தால் தவழட்டும் என்று மலிவானதையே போடச் சொன்னேன்.

சாயங்காலம் சுவரிலிருந்து "அப்பா, கேக்குதா?" என்று கல்யாணியின் குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செண்பகம் பயப்படவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "வாம்மா, உக்காரு" என்றாள். அவள் ஒருவரை உட்காரச் சொல்லி எவ்வளவு நாளாகிறது!

ஜூன் 4

கல்யாணி ஒரு பழைய டேப்லெட்டை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்து, நாள் முழுக்க எங்கள் ஹாலை ஓடவிட்டிருக்கிறாளாம். பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை அவளுக்கு. பள்ளிக்குப் போகும்போது போனில் பார்த்துக்கொள்கிறாளாம். அந்தப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியே அம்மாவிடமும் பேசுகிறாள். "ஆ காட்டு... இன்னொரு வாய்... சமத்து" என்கிறாள். நான் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிற செண்பகம் இன்று மூன்று இட்லி சாப்பிட்டாள்.

மகள் என்று அடையாளம் தெரிகிறதா என்றால் தெரியவில்லை. "அந்தப் பொண்ணு" என்கிறாள். அந்தப் பெண் சொன்னால் சர்க்கரை நோய் மாத்திரைகூட விழுங்குகிறாள். பெரிய ஒத்தாசைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரே சங்கடம், கேமரா என்னையும் பார்க்கிறது. பஸ் டெப்போ வாசலில் டைம் கீப்பராக உட்கார்ந்து எவன் எத்தனை மணிக்கு வந்தான், எவன் லேட் என்று எழுதியே காலம் தள்ளியவன் நான். எழுதுகிற பழக்கம் விடாமல்தான் இந்த டைரியும். இப்போது என்னை ஒருத்தி குறித்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் மாட்டிய டிரைவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

ஜூன் 7

காலையில் செண்பகம் சேலையோடு போய்விட்டாள். குளிப்பாட்டி வேறு சேலை உடுத்திவிட்டேன். காபி குடிப்பதற்குள் மறுபடியும். மறுபடியும் குளிப்பாட்டி அழைத்து வந்தால், ஈரத் தலையோடு கோலமாவு டப்பாவைத் தலையில் கொட்டிக்கொண்டாள். கத்திவிட்டேன். கையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்திருப்பேன்.

"அப்பா, அதட்டாதீங்க" என்றது சுவர்.

பிறகு போனில் கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்கப்பா. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. திருச்சியில மறதிக்காரங்களுக்குன்னே ஒரு ஹோம் இருக்கு. எடம் கேட்டு வச்சிருக்கேன். டிசம்பர்ல வரும்போது நேர்ல பாத்து முடிவு பண்ணுவோம்."

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். கேமராவுல அப்படித் தெரியுது."

செண்பகத்தை ஒரு ஹோமில் யாரோ ஒரு பெண் குளிப்பாட்டுவாள். இவளுக்கு வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன தெரியும்? இவளை நான் எங்கும் அனுப்ப மாட்டேன்.

ஜூன் 9

"கண்டக்டர், பெரம்பலூர் வந்தா சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். பெரம்பலூர் அவளுடைய பிறந்த ஊர். வந்துகொண்டே இருக்கிறது என்றேன். டைம் கீப்பரைப் போய்க் கண்டக்டர் ஆக்கிவிட்டாள், அதுதான் வருத்தம்.

ஜூன் 11

மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு இட்லி. எறும்பு வரிசை கட்டிவிட்டது. கேட்டால், "அந்தப் பொண்ணு பசியோட பேசிக்கிட்டே இருக்கு, யாரு குடுக்குறா அதுக்கு?" என்கிறாள். சுவரிலிருந்து கல்யாணி, "நான் சாப்பிட்டேம்மா, நீ சாப்பிடு" என்ற பிறகுதான் மிச்சத்தைச் சாப்பிட்டாள்.

கல்யாணியின் குரல் ஒரு மாதிரி கம்மியிருந்தது. நான் எறும்புப் பொடி தூவினேன்.

ஜூன் 15

நெட் தவழ ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து சுவரில் சத்தம் இல்லை. ராயப்பனைக் கூப்பிட்டேன்.

"தீந்துபோச்சு சார். கேமராதான் இழுக்குது. அக்கா நாள் பூரா தொறந்து வச்சிருக்காங்கல்ல? ஒண்ணாந்தேதி வந்தாத்தான் இனிமே. இல்லன்னா பிளானை மாத்துங்க."

கல்யாணி போனில் பிளானை மாற்று, நான் கட்டுகிறேன் என்றாள். என் வீட்டு ஒயருக்கு நான் கட்டிக்கொள்வேன் என்றேன். பாதி மாதம் பார்த்தால் போதாதா? பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது? மலிவு பிளானே தாராளம் என்பதுதான் என் கணக்கு.

மத்தியானம் வாசலைத் தாழிட்டுவிட்டு, சும்மா கண்ணை மூடலாம் என்று படுத்தவன் நன்றாகத் தூங்கிவிட்டேன். பகலில் தூங்கி எத்தனையோ மாதம். செண்பகம் ராத்திரியில் தூங்குவதில்லை, அதனால் நானும் தூங்குவதில்லை. எழுந்தபோது அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

ஜூன் 18

நல்ல தூக்கம்.

ஜூன் 21

பெண் எங்கே, பெண் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஊருக்குப் போயிருக்கிறாள், ஒன்றாம் தேதி வருவாள் என்றேன். "சொல்லிட்டுப் போகலியே" என்றாள்.

ஜூன் 25

இன்று கத்தினேன். வேண்டிய மட்டும் கத்தினேன். பிறகு குளியலறையில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் அப்பா என்று கூப்பிட்டு நிறுத்தவில்லை. அழுது முடித்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஜூலை 1

விடிந்தும் விடியாமலும் "அம்மா! அம்மா!" என்று சுவர் கூப்பிட்டது. செண்பகம் படுக்கையிலிருந்து எழுந்து ஓடினாள். அடி மேல் அடி வைத்து நடக்கிறவள் ஓடியதைப் பார்த்தேன். "எங்கடி போன? சொல்லாமக் கொள்ளாம?" என்று அழுதாள், சிரித்தாள். நான்கு தோசை சாப்பிட்டாள்.

"அம்மா எளச்சிருக்காங்களேப்பா" என்றாள் கல்யாணி.

வெயில் என்றேன்.

ஜூலை 3

ராயப்பன் பணம் வாங்க வந்தான். டிவியில் நான் பக்திப் பாட்டு போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுல படம் ரொம்பத் தெளிவா வைக்காதீங்க சார். இந்தா, இந்த எடத்துல பெரிய நம்பரா வச்சீங்கன்னா டேட்டாவ அள்ளிக்கிட்டுப் போயிரும். சின்ன நம்பரா வச்சா மாசக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம்" என்று ரிமோட்டை வாங்கிக் காட்டிக் கொடுத்தான். நல்ல பிள்ளை. இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

ஜூலை 4

டிவியில் கடலுக்கடியில் மீன்கள் நீந்துகிற படம் ஒன்று இருக்கிறது. பேச்சு இல்லை, கதை இல்லை, மணிக்கணக்காக ஓடுகிறது. அவ்வளவு தெளிவு, செதிலை எண்ணலாம். செண்பகத்துக்கு நல்லது என்று போட்டுவிட்டேன். அவள் கொல்லையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓடட்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஜூலை 6

மீன்.

கல்யாணி கேட்டாள்: "என்னப்பா, எப்பப் பாத்தாலும் மீனா ஓடுது?"

"மனசுக்கு அமைதியாம். டாக்டரு ஒருத்தர் டிவில சொன்னார்."

"நீங்க பாக்கறீங்களா?"

"வந்து போகும்போது பாப்பேன்."

சரிப்பா என்றாள்.

ஜூலை 7

செண்பகம் கடைசி வாயைத் துப்பிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அதட்ட வாய் வந்துவிட்டது. சுவரைப் பார்த்துவிட்டு, "சாப்பிடும்மா, கண்ணு" என்றேன். இப்படிப் பேசுவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது! நாள் முழுக்க நல்லவனாக இருப்பது பெரிய வேலை. நான் கூடுதல் சம்பளத்துக்குக்கூட இரட்டை டியூட்டி பார்த்ததில்லை.

ஜூலை 10

தீர்ந்துவிட்டது. கல்யாணி போன் செய்தாள்.

"போன மாசம் பதினஞ்சாந்தேதி வரைக்கும் வந்துச்சேப்பா."

"மலிவு பிளான்னா அப்படித்தான். ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது."

பிளானை மாற்றலாமா என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. "ரெஸ்ட் எடுத்துக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ரெஸ்ட் எடுத்தேன்.

ஜூலை 13

ஒரு நல்ல மாற்றம். ஊட்ட வேண்டியதில்லை. தட்டில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிடுகிறேன். எழுந்து வந்தால் தட்டு காலி. கழுவியும் வைத்துவிடுகிறாள். மோடம் பக்கத்தில் இட்லி வைக்கிற பழக்கமும் போய்விட்டது, தட்டில் ஒன்றையும் காணோம். குரல் இல்லையென்றால் மறந்துவிடுகிறாள் போலிருக்கிறது. இந்த நோயில் சில விஷயங்கள் தானாகவே சரியாகுமாம்.

ஜூலை 16

அடுப்படி முக்காலியை எதற்கு ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று தெரியவில்லை. மூன்றாவது தடவையாகத் திருப்பிப் போட்டேன். கால் தடுக்கி விழுந்தால் நான்தான் ஓட வேண்டும்.

ஜூலை 19

ஹால் முழுக்க எறும்பு. எறும்புப் பொடி தீர்ந்துவிட்டது. ஆடி மாதத்துக் காற்றுக்கு எங்கிருந்தோ வருகிறது.

செண்பகத்தின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. கழற்றி பீரோவில் வைத்தேன், தொலைத்துவிடுவாள்.

ஜூலை 21

"கண்டக்டர், அந்தப் பொண்ணு கோவமா இருக்கு. பேச மாட்டேங்குது" என்றாள். மெதுவாக, ரகசியம் மாதிரி.

"பேசும், பேசும்."

"பசியில இருக்கு. அதான்."

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன்.

ஜூலை 24

எழுத உட்காரக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன். பொங்கலைத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தேன். போய்ப் படுத்தேன். எழுந்து வந்தபோது தட்டு கழுவி வைத்திருந்தது. மத்தியானமும் மாத்திரை, சோறு, பிறகு என் தூக்கம். எழுந்து பார்த்தால் அவள் அலமாரிக்குக் கீழே தரையில் சாய்ந்து கிடந்தாள். உட்கார்ந்தபடி தூங்குகிறாள் என்று நினைத்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு நிதானமாகத்தான் போனேன். தொட்டால் சில்லென்று இருக்கிறது. ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் பாதி திறந்திருக்கிறது, பார்வை இல்லை. செண்பகம், செண்பகம் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது.

சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்து, விரலால் எடுத்து அவள் ஈறில் தேய்த்தேன். அவள் கடிக்கக்கூட இல்லை. சுவரைப் பார்த்து, "கல்யாணி! கல்யாணி!" என்று கத்தினேன். அதில் எந்தச் சத்தமும் இல்லை. எப்படி இருக்கும்? பத்தாம் தேதியே தீர்ந்துவிட்டதே.

தெருவில் ஓடி ஆட்டோ பிடித்தேன். நல்ல வேளை, கிளினிக் பக்கம். டாக்டரம்மா ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "பெரம்பலூரா?" என்றாள்.

"மாத்திரைய மட்டும் போட்டுட்டுச் சாப்பிடாம விட்டீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஆளே கெடச்சிருக்க மாட்டாங்க" என்றார் டாக்டர்.

"சாப்பிட்டாம்மா. தட்டு காலியா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"சாப்பிடறதப் பாத்தீங்களா, தட்டப் பாத்தீங்களா?"



ஜூலை 25

வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சியை நானே ஒவ்வொரு வாயாக ஊட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. பாதியைத் துப்பினாள். கத்தவில்லை.

கல்யாணிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 26

நானே ராயப்பனை வரச் சொன்னேன். ஒன்றாம் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது, இப்போதே எதையாவது போட்டுக் கேமராவை ஓட வை என்றேன்.

"கூடுதல் டேட்டா போட்டு விடறேன் சார். மோடத்த ஒரு தடவ அணைச்சுப் போடணும்" என்று சொல்லி முக்காலி போட்டு ஏறினான். மோடத்தை நகர்த்தியவன் அப்படியே நின்றான்.

"சார், இங்க வந்து பாருங்க."

மோடத்துக்குப் பின்னால், மேல்தட்டின் உள்பக்கம், சுவரோடு சுவராக எல்லாம் இருந்தது. காய்ந்து கல்லாகிப்போன இட்லிகள், தோசைத் துண்டுகள், உருட்டி வைத்த சோறு. பூஞ்சை பிடித்த பொங்கலில் முந்திரிப் பருப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது, அவளுக்குப் பிடிக்கும் என்று நான்தான் வறுத்துப் போட்டிருந்தேன். மாத்திரையை அவள் தின்றிருக்கிறாள். சோற்றை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராததால், பசியில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துத் தன் சாப்பாட்டை எல்லாம் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறாள்.

ராயப்பன் பழைய பேப்பர் வாங்கி எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தான். அவனுடைய வேலையே இல்லை அது.

"கேமரா ஓடியிருந்தா அம்மா சாப்பிடாம இருந்தது அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமே சார்?" என்றான் போகும்போது. நியாயமாகத்தான் கேட்டான்.

சாயங்காலம் கல்யாணிக்கு நானே போன் போட்டேன். நானாகக் கூப்பிடுவது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கிளினிக் போனதைச் சொன்னேன், அலமாரியைச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நிறுத்தாமல் சொல்லிவிட வேண்டும் என்று தொடர்ந்தேன்.

"அந்த மீன் படம் போட்டது நெட்டத் தீக்கறதுக்குத்தான்."

"தெரியும்பா."

எனக்குப் புரியவில்லை.

"அம்மா கொல்லையில இருக்காங்க, நீங்க அடுப்படியில இருக்கீங்க. யாருமே இல்லாத ஹால்ல மூணு மணி நேரம் மீன் ஓடுது. எனக்குத் தெரியாதாப்பா? நான் பாக்க வேணாம்னு நெனைக்கறீங்கன்னு புரிஞ்சுது. அதட்டாதீங்கன்னு எல்லார் மாதிரியும் நானும் சொல்லிட்டேன்ல, அந்த வருத்தம் போலன்னு நெனச்சேன். மனுஷனுக்குக் கொஞ்சம் மறைவு வேணும்தானே, சரின்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"என்னால முடியல, கல்யாணி."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, முடிந்தது, செண்பகத்தை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தோன்றியது. "அந்த ஹோம்..." என்று நானே ஆரம்பித்தேன்.

"ஹோமப் பத்தி நான் வரும்போது பேசுவோம். இப்ப உங்களுக்கு என்னப்பா வேணும்? அத மொதல்ல சொல்லுங்க."

நிறைய யோசித்தேன். என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"தூக்கம்" என்றேன்.

ஆகஸ்ட் 1

அன்லிமிடெட் போட்டாயிற்று. "இதத்தானே சார் மொதல் நாளே சொன்னேன்" என்று ராயப்பன் சொல்லாமல் இருப்பான் என்று எதிர்பார்த்தேன். சொன்னான்.

எதிர்வீட்டுக்காரர் நம்மைப் போலவே சிக்கனம். மலிவு பிளான் போதுமா, மாதம் முழுக்க வருமா என்று விசாரித்தார். வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் தாராளமாகப் போதும், சுவரில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தால் போதாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாணியின் ஏற்பாடு இது. பள்ளி முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது அங்கே ஐந்து மணி, இங்கே இரண்டரை. அப்போதுதான் நான் செண்பகத்துக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும், கல்யாணி சுவரிலிருந்து ஒவ்வொரு வாயும் பார்ப்பாள். பிறகு அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பது அவள் பொறுப்பு. அம்மா எழுந்து வாசலுக்கோ அடுப்படிக்கோ போனால் என்னை எழுப்புவாள். மற்றபடி நான் தூங்க வேண்டும்.

"உள் ரூம்ல போயி இல்லப்பா. இங்கயே ஹால்ல, எனக்குத் தெரியற மாதிரி படுங்க. கூப்பிட்டாக் கேக்கணும்ல?"

ஆகஸ்ட் 2

படுத்தேன். தூக்கம் வரவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயைப் பிளந்து தூங்குவது எப்படி? துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். மூச்சு முட்டியது. கல்யாணி தன் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுக்க, செண்பகம் கை தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு முழுக்க வெள்ளாட்டுக் குட்டி. எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 3

இன்றும் தூக்கம் வராது என்றுதான் பாயை விரித்தேன். துண்டு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடச் சோம்பலாக இருந்தது. அப்படியே படுத்தேன். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டிருந்தது. பதறி எழுந்தேன். செண்பகம் என் பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை கலையவில்லை, சேலை கலையவில்லை.

"கல்யாணி! எவ்வளவு நேரமாச்சு? அங்க ராத்திரி ஆயிருக்குமே! ஏன் எழுப்பல?"

"இங்க இப்பத்தாம்பா ஒம்பதரை ஆவுது." பேசிப் பேசி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. "எம் பையனுக்கு அவங்கப்பா சாப்பாடு போட்டுட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே எழுப்பப் பாத்தேன். 'அப்பா'ன்னு ஒரே ஒரு தடவ கூப்பிட்டேன். அம்மா விடல."

"என்ன சொன்னா?"

"'அந்த ஆளு அசந்து தூங்குறாரு, பாவம். நீ எதுக்குக் கத்துற? சும்மா இரு'ன்னு என்ன அதட்டினாங்க." கல்யாணி சிரித்தாள், பிறகு சிரிப்பு மாறியது. "நான் வாயத் தொறக்கலப்பா அதுக்கு மேல. ரெண்டு பேரும் உங்களப் பாத்துக்கிட்டு சும்மாவே உக்காந்திருந்தோம்."

அந்த ஆள் யார் என்று செண்பகம் நினைத்திருந்தாள், கண்டக்டரா, வீட்டுக்காரனா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, ராத்திரிக்கு உப்புமா கிண்டினேன்.